கசப்புக் கிணற்றில் பத்து நிமிடம்

1862: கழுதை பூட்டிய பயண வண்டிகள் நின்று போக ஒரு நிலையம். கல்லால் ஓர் அறை, ஒரு கொட்டகை. செலவு 310 டாலர்.
1863: பயணிக்கு ஒரு குவளைத் தண்ணீர் 5 சென்ட். கோவேறு கழுதைக்கு இலவசம்.
1869: ரயில் வந்தது. நிலையம் மூடப்பட்டது. தட்டுமுட்டுச் சாமான்கள் 41 டாலருக்கு ஏலம் போயின.
1994: வெல்டா ஹாஸ்கெல் வாங்கினார். 6,500 டாலர்.
2003: நுழைவுக் கட்டணம் 3 டாலர். கோவேறு கழுதைக்கு இன்றும் இலவசம்.

சுற்றுலாப் பேருந்து மேட்டில் ஏறும்போதே ஓட்டுநர் ஆர்லோ ஹாரன் அடிப்பார். வெல்டா குடித்துக்கொண்டிருக்கும் காபியை அப்படியே வேலிக்கம்பத்தின் தலையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடப்பார். வயது எழுபத்து மூன்று. காலில் இறந்துபோன கணவரின் பூட்ஸ். அளவு பெரிது என்பதால் உள்ளே இரண்டு ஜோடிக் காலுறை.

கோச் வண்டி ஓடிய காலத்தில் வண்டிக்காரர் இதே மேட்டில் கொம்பு ஊதுவார். அது கேட்டதும் நிலையக்காரர் புதிய கழுதைகளுக்குச் சேணம் பூட்டி நிறுத்துவார். களைத்தவை அவிழ்க்கப்பட்டுப் புதியவை பூட்டப்படப் பத்து நிமிடம். சாப்பாடும் படுக்கையும் அடுத்த ஊரில்தான். கசப்புக் கிணற்றின் சரித்திரம் முழுவதும் அந்தப் பத்து நிமிடம்தான். வெல்டா அதை வாயால் சொல்வதில்லை. வந்தவர்களையே கழுதை மாற்ற வைத்துவிடுவார்.

அப்போது அவருடைய மரியாதை தலைகீழாகிவிடும். "டீக்கன் சார், காலைக் கொஞ்சம் எடுங்க" என்பார் கழுதையிடம். "யோவ் கண்ணாடி, கயித்தை விடுய்யா! அது என்ன உன் டையா, இழுத்து இறுக்குறதுக்கு?" என்பார் பயணியாக வந்த வங்கி மேலாளரிடம்.

போன குளிர்காலத்தில் சுற்றுலா நிறுவனத்தின் மேலாளர் பிரென்ட் கால்வேயும் பேருந்தில் வந்தார். பயணத்தில் ஓர் இடத்தைக் குறைக்க வேண்டும். ஒன்று கசப்புக் கிணறு, இல்லையென்றால் கொள்ளைக்காரன் தூக்கில் தொங்கிய பழைய மதுக்கடை. பேருந்து நின்றுபோனால் வைக்கோலுக்கு வழியில்லை. நான்கு கழுதைகளையும் விற்றாக வேண்டும். வெல்டாவுக்கு அது தெரியும்.

பிரென்ட் முற்றத்துக் கல்மேட்டைக் காட்டினார். "அது யாரோட கல்லறை?"

"ஜெருஷாவோடது."

"கொள்ளைக்காரியா?"

"கோவேறு கழுதை. ஆறு வருஷம் வண்டி இழுத்தாங்க. வயசாகிப் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"கொள்ளைக்காரனைப் புதைச்ச இடம்னு ஒரு பலகை வைப்போமே. செலவு எங்களுது."

"இங்க ஒருத்தனும் சுடப்படல, ஒருத்தனும் தொங்கல. இந்த ரோட்டுல அப்படிச் சொல்லிக்க வேற இடம் இருந்தாக் காட்டு தம்பி."

"அப்போ பஸ் இங்க நிக்கிறது கஷ்டம்தான்."

ஆர்லோ தலையில் கை வைத்துக்கொண்டார். "வெல்டாம்மா, மனுஷன் ஒரே ஒரு பிணம்தானே கேட்டாரு!"

"நீ போய்ப் படுத்துக்க, பலகை வெச்சிடலாம்" என்ற வெல்டா, திரும்பிச் சேணத்தின் வயிற்றுப்பட்டையைப் பிரென்டின் கையில் திணித்தார். "சும்மா நிக்கிற கைதானே, பிடி."

டீக்கன் பிரென்டின் மேல் சாவகாசமாகச் சாய்ந்து நின்றது. பயணிகள் விசில் அடித்தார்கள். பூட்டி முடிக்கப் பதினான்கு நிமிடமானது. "வண்டி தாமதம்! தபாலெல்லாம் உன்னாலதான் நிக்குது!" என்று வெல்டா கத்தினார். கணுக்கால்வரை சாணியோடு நின்ற பிரென்ட் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார்.

"பட்டை வழுக்கிடுச்சு. இன்னொரு தடவை பார்க்கலாம்."

இன்னும் மூன்று தடவை பார்த்தார்கள். பத்து நிமிடத்துக்குள் முடியவில்லை. பேருந்து பெருந்தாமதமாகக் கிளம்பியது. போகும்போது பிரென்ட் எந்த முடிவும் சொல்லவில்லை. அதன்பின் மூன்று வாரம் மேட்டில் ஹாரன் சத்தமே இல்லை. கழுதைகளுக்கு என்ன விலை வரும் என்று வெல்டா ஒருவரிடம் விசாரித்தும் வைத்தார்.

பிறகு கடிதம் வந்தது. வாரம் இரண்டு பேருந்து. ஒவ்வொன்றும் இனி முக்கால் மணி நேரம் நிற்கும். பலகை வேண்டாம்.

வெல்டா நின்றபடியே படித்தார். கடிதத்தைச் சட்டைப்பையில் செருகினார். இருந்த ஒரே கழிப்பறையின் பக்கத்துக்குப் போய், பூட்ஸ் குதிகாலால் மண்ணில் இன்னொன்றுக்கு ஒரு சதுரம் கிழித்து, மண்வெட்டியை நடுவில் ஊன்றினார்.

கடிதம் வந்த தேதி: 2016 மார்ச் 9.