சிவபிரகாஷ் சுமக்கும் பழி

சிவபிரகாஷைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து திண்டுக்கல் கடைகளுக்குக் குட்டியானை வண்டியில் காய்கறி ஏற்றி வருவது அவன் தொழில். மிக்சி, ஃபேன், எது நின்றாலும் ஆளைக் கூப்பிட மாட்டான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தானே கழற்றுவான். பெரும்பாலும் சரியாகவும் பண்ணிவிடுவான். எங்கள் தண்ணீர் மோட்டாரை மட்டும் குட்டிச்சுவராக்கி வைத்தான். அதை நான் வாய் ஓயாமல் சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

அவன் மனைவி கீர்த்தனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. வடமதுரையிலிருந்து அவள் அம்மா பேச்சாயி வந்து தங்கினார். கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்ட நேரம். மகள் மேல் ஈரக்காற்று பட்டுவிடக் கூடாது என்பதில் அந்தம்மா குறியாக இருந்தார். ஜன்னலைத் திறந்தாலே ஏச்சு விழும்.

அந்த நேரம் பார்த்து, குளியலறையில் இருந்த பழைய கேஸ் கீசர் மக்கர் பண்ணியது. பற்றும், கொஞ்ச நேரத்தில் பொசுக்கென்று அணையும். பாதிக் குளியலில் பச்சைத் தண்ணீர் விழும்.

"பச்ச ஒடம்புக்காரிங்க மாப்ள. யாராச்சும் மெக்கானிக்கக் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் பேச்சாயி.

"நானே பாத்துருவேன் அத்த. இது என்ன பெரிய வித்த."

பேட்டரியை மாற்றினான். சிலிண்டரை மாற்றினான். ரப்பர் குழாய் நெடுகிலும் சோப்பு நுரை தடவி, கசிவு இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. கடைசியில், தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் இருந்த சின்னச் சல்லடையைக் கழற்றினான். எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதில் கல்லாக அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வரத்து குறைந்தால் அந்த மெஷின் தானாகவே அணைந்துவிடுமாம். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினான். தீ அணையாமல் நின்று எரிந்தது. என்னை மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலை கீர்த்தனா தானே குளித்துக்கொள்வதாகச் சொல்லிக் கதவைத் தாழிட்டாள். வெந்நீர்தான் தாராளமாக வருகிறதே, ஆசை தீர ஊற்றிக்கொள்ளட்டும் என்று பேச்சாயி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். குழந்தை பாலுக்கு அழுதபோதுதான் கதவைத் தட்டினார். பதில் இல்லை. அவர் போட்ட கூச்சலில், கீழே வண்டி கழுவிக்கொண்டிருந்த சிவபிரகாஷும் நானும் ஓடினோம். கதவை உடைத்தோம்.

கீர்த்தனா தரையில் கிடந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, மேலே தீயும் எரிந்துகொண்டே இருந்தது. சிவபிரகாஷ் அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். வென்டிலேட்டர் ஓட்டைக்குள் பேச்சாயியின் பழைய சேலை ஒன்று இறுக்கிச் சொருகியிருந்தது. குளிக்கிற மகள் மேல் காற்று படாமலிருக்க அந்தம்மா அன்று காலையில் செய்த ஏற்பாடு. கேஸ் எரிகிற அறைக்குக் காற்றுப் போக்கு இல்லாவிட்டால், வாடையே இல்லாத ஒரு விஷம் சேர்ந்துவிடும். அது எங்களுக்குப் புரிந்தது. அவருக்குத் தெரியாது. சிவபிரகாஷ் அந்தச் சேலையை உருவித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கேட்ட எல்லாரிடமும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"மெஷின நாந்தான் கழட்டி மாட்டுனேன். தப்பாப் பண்ணிட்டேன்."

அதுவரை அவனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லாத பேச்சாயி நடுத்தெருவில் அவன் சட்டையைப் பிடித்தார். "மெக்கானிக்கக் கூப்புடுன்னு சொன்னேனடா! எம்புள்ளையக் கொன்னுட்டியே, பாவி!" அவன் குனிந்த தலை நிமிரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வடமதுரைக்குப் போய்விட்டார். அவனை வாசற்படி ஏற விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "உண்மையச் சொல்லித் தொலையேன்டா. புள்ள மொகத்தையாவது பாக்கலாம்ல?" என்று ஒருநாள் கத்தினேன்.

"சொன்னா அத்த அன்னைக்கே நாண்டுக்கிடுவாங்கண்ணே. அப்புறம் எம்புள்ளைக்கு யாரு இருக்கா?"



இப்போது குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது. போன வாரம் வடமதுரைக்கு அவன் வண்டியில் நானும் போயிருந்தேன். அங்கன்வாடி வாசலில் வண்டியை நிறுத்தி, பிஸ்கட் பொட்டலத்தோடு கம்பி வேலி ஓரம் போய் நின்றான். குழந்தை கிட்டே வந்து அவனை மேலும் கீழும் பார்த்தது. கீர்த்தனாவின் அதே கண்.

"நீதான் எங்கப்பாவா? நீதான் எங்கம்மாவக் கொன்னியாமே. அம்மாச்சி சொன்னுச்சு."

இல்லை என்று சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஆமா தாயி" என்றான் சிவபிரகாஷ்.

குழந்தை பிஸ்கட்டை வாங்காமல் உள்ளே ஓடிவிட்டது.