வழியனுப்பாத பாட்டு

நம்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவள் நான். எது ஹெட்போனில் கேட்டது, எது மனப்பிரமை என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அன்று நான் கேட்டது ஹெட்போனில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரையோரத் தீவு ஒன்றில், சதுப்பு நிலத்தை ஒட்டிய சின்னத் துதி வீடு. பலகைச் சுவர், பலகைத் தரை. அடிமைகளாக இருந்த காலத்தில் எங்கள் கறுப்பின ஆட்கள் கூடிப் பாடிய இடம். டிசம்பர் மாதம், மத்தியானம். ஆனால் படத்தில் அது இரவுக் காட்சி. அதனால் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே நள்ளிரவு.

இயக்குநர் மார்செல், டெட்ராய்ட் போதகர் ஒருவரின் மகன். ஆர்கன், அங்கி, பாடகர் குழு என்று பெரிய தேவாலயத்தில் வளர்ந்தவர். நல்ல குரல். தேவாலயப் பாட்டு எங்கிருந்து முளைத்தது என்பதுதான் அவருடைய படம். தீவிலிருந்தே எட்டுப் பேரைப் பாட அழைத்திருந்தார். முன்பாட்டுக்காரி ஆர்லீதா. தடியால் தரையில் தட்டித் தாளம் போடுகிறவர், சபையின் உதவி ஊழியரான டீக்கன் ஐசோம்.

"ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்றார் மார்செல்.

"ஆட்டம் வேணும்னா சாராயக் கடைக்குப் போ தம்பி," என்றார் ஐசோம். "இது சுற்று, வட்டமா நடந்து பாடுறது. பாதம் தரையை விட்டு எழும்பாது. கால் குறுக்கே போகாது. போச்சுன்னா எங்கம்மா செருப்பைக் கழட்டுவா."

"உங்கம்மா போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆச்சே, டீக்கன்!" என்றார் பாடகர்களில் ஒருவர்.

"அதனாலதான் பயமே."

எல்லோரும் சிரித்தோம். ஆர்லீதா சிரிக்கவில்லை.

"தம்பி, இது செத்துப்போன நம்ம ஆளுங்களைக் கூப்பிடுற பாட்டு. கூப்பிடணும், கூட நடக்கணும், வழியனுப்பணும். கூப்பிட்ட குரல்தான் அனுப்பியும் வைக்கணும். பாதியில நிறுத்தினா அவங்க எங்க போவாங்க?"

"அக்கா, படத்துல ஒரு நிமிஷம்தான் வரும். கூப்பிடுற பாகம் மட்டும் போதும். கடைசில மொத்தமா அனுப்பிடலாம்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

கிளாப் பலகையின் சத்தம் அந்த வயசாளிகளைத் திடுக்கிட வைத்தது. அதனால் மார்செல் ஒரு வழி கண்டுபிடித்தார். 'ஆக்‌ஷன்' என்று கத்துவதற்குப் பதிலாக, பாட்டின் முதல் வரியைத் தானே பாடி ஜாடை கொடுத்தார். ஆர்லீதா அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார். மற்றவர்கள் பதில் பாடுவார்கள். வட்டம் நகரும்.

"கட்!"

மறுபடி முதல் வரி. மறுபடி வட்டம். மறுபடி "கட்!"

எனக்குக் குரல் மட்டும் சுத்தமாக வேண்டும். காலடிச் சத்தத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்வது வழக்கம். அதனால் எல்லோர் செருப்பின் அடியிலும் தடித்த கம்பளித் துணி ஒட்டியிருந்தேன். ஐசோமின் தடி நுனியிலும் துணி சுற்றியிருந்தேன். எட்டுப் பேர் நடந்தாலும் தரை ஊமையாக இருக்க வேண்டும்.

மூன்று மணி இருக்கும். ஹெட்போனில்... சரக்.

பலகையில் பாதம் உரசும் சத்தம்.

யாருடைய துணியோ உரிந்துவிட்டது என்று நினைத்தேன். படப்பிடிப்பை நிறுத்தி, ஒவ்வொருவர் காலையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒட்டினபடியே இருந்தன.

"குதிரைக்கு லாடம் பார்க்கிற மாதிரி பார்க்கிறியே பொண்ணு," என்றார் ஐசோம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். நான் கேட்டது செருப்புக் கால் இல்லை. வெறுங்கால்.

அடுத்த தடவை கேமராமேன் முணுமுணுத்தார். "நடுவுல ஏன் இவ்வளவு இடைவெளி விடுறாங்க? நெருங்கி வரச் சொல்லுங்க."

உண்மைதான். காலையில் தோளோடு தோள் உரசி நடந்தவர்கள். இப்போது ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.

"நெருங்கித்தான் நிக்கிறோம்," என்றார் ஆர்லீதா. அவர் முகம் வியர்த்திருந்தது. "தம்பி, போதும். அனுப்பி வைக்கலாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

முதல் வரி. வட்டம். சரக்... சரக்... சரக்...

இடைவெளி இன்னும் அகன்றது. இப்போது இரண்டு ஆள் நிற்கலாம். எட்டுப் பேரும் சுவரை ஒட்டிப் போய்விட்டார்கள். யாரோ நடுவிலிருந்து தள்ளுவது போல.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"கட்! அருமை! அவ்வளவுதான், கிளம்பலாம்!"

பழக்கதோஷம். நான் பதிவை நிறுத்தினேன்.

அந்த நொடியில் விளக்குகள் அணைந்தன.

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கும்மிருட்டு. ஆர்லீதா பாடத் தொடங்கினார். இதுவரை பாடாத பாகம். மெதுவான, தாழ்ந்த நாலு வரி. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். சத்தம் நிற்கவில்லை.

கால்கள்.

எட்டுப் பேருடையது இல்லை.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது. கன்னத்தில் சூடான மூச்சு...

கதவுத் துணி வெளிப்பக்கமாகப் புடைத்து விலகியது. ஒரு கீற்று வெயில். மூடியது. மறுபடி விலகியது.

எத்தனை முறை என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு அமைதி.

யாரோ துணியைக் கிழித்தார்கள். வெயிலில் கண் கூசியது. நாலு மணி நாற்பது. பாடகர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள், காலையில் நின்றது போலவே.

ஆர்லீதா மார்செலிடம் வந்தார். "நான் கூப்பிட்டவங்க போயிட்டாங்க தம்பி. நீ கூப்பிட்டவங்களை நீதான் அனுப்பணும்."

"நானா? நான் எங்கே கூப்பிட்டேன்? ஜாடைதானே குடுத்தேன்."

"ஒவ்வொரு தடவையும் முதல்ல கூப்பிட்டது உன் குரல். நாலு வரிதான். இப்பவே சொல்லித் தரேன், பாடு."

மார்செல் சிரித்தார். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவார். படகுக்கு நேரமாச்சு அக்கா. அடுத்த தடவை."

ஆர்லீதா அவர் கையைப் பிடித்தார். மார்செல் விடுவித்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரியில் மார்செல் என்னைப் போனில் கூப்பிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில், தன் வீட்டிலிருந்து.

"அந்த நாலு வரி உன்கிட்ட இருக்கா?"

"இல்ல மார்செல். நீங்க கட் சொன்னதும் நிறுத்திட்டேன்."

அவர் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால்... சரக்... சரக்...

ஆர்லீதாவையும் இணைப்பில் சேர்த்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் பாடினார். மார்செல் திருப்பிப் பாடினார். குரல் உடைந்தது. நாலு வரியும் பாடி முடித்தார்.

சத்தம் நிற்கவில்லை.

"எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டார் ஆர்லீதா.

"தெரியலக்கா. சோபா, கட்டில் எல்லாத்தையும் சுவரோரம் தள்ளிட்டேன்... இடம் பத்தல."

"இவ்வளவு நாள் எங்கடா இருந்தே! நாள் ஆக ஆகக் கூட்டம் சேர்ந்துடுச்சே!" ஆர்லீதா அழுதார். "மறுபடி பாடு. நிறுத்தாத. பாடு!"

மார்செல் பாடினார். இரண்டாவது வரியில் இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அவருடைய தங்கை போய்க் கதவைத் திறந்தார். வீட்டில் மார்செல் இல்லை. இன்றுவரை எங்கும் இல்லை. சாவி, பர்ஸ், போன் எல்லாம் மேஜைமேல் இருந்தன. மேஜை சுவரோரம் இருந்தது.

தங்கை என்னிடம் இன்னொன்றும் சொன்னார். கூடத்துக் கம்பளத்தில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. நூல் பிரிந்து, அடித்துணி வரை. கம்பளக் கடைக்காரரை வரவழைத்துக் காட்டினார்களாம். அவர் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாராம்.

"ஒரு கூட்டமே தினமும் நடந்தாலும், இப்படித் தேய முப்பது நாப்பது வருஷம் ஆகும்," என்றாராம்.

அந்தக் கம்பளத்தை அங்கே புதிதாக விரித்துத் தந்ததும் அந்தக் கடைக்காரர்தான். முந்தின மாதம், ஜனவரி கடைசியில்.