துண்டில் வந்து உட்கார்ந்த பூச்சி

வாசுகிக்குச் சின்ன வயதிலிருந்தே பூச்சி என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள் அவள். விளக்கு வைத்தால் சோற்றில் பூச்சி விழும் என்று பொழுதோடு சாப்பிட்டுவிடுகிற வீடு. விலங்கியல் படித்ததுகூட வேறு பாடத்தில் இடம் கிடைக்காததால்தான். படிப்பு முடிந்ததும் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் மாணிக்கவேலைக் கட்டிக்கொண்டாள். ஊரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் வேலை. நாற்பது வயதுவரை விடைத்தாளும் கல்லூரி பஸ்ஸுமாக வாழ்க்கை ஓடியது.

பிறகுதான் அந்த மலைப் பயணம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், வனத்துறை அனுமதியோடு, அந்துப்பூச்சிக் கணக்கெடுப்பு. மாணவிகளைக் கூட்டிப் போக வேண்டிய ஆசிரியைக்குக் காய்ச்சல். வாசுகி போனாள், அரை மனசோடு. வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டதும் காடே எழுந்து வந்து அந்தத் துணியில் ஒட்டிக்கொண்டது. பாசிப் பச்சையில் ஒன்று, காய்ந்த சருகைப் போல ஒன்று, குருவி எச்சம் மாதிரியே உருமாறி ஏமாற்றுகிற ஒன்று. மாணவிகள் தூங்கப் போன பிறகும் அவள் நகரவில்லை. "இத்தன வருசமா நான் என்னாத்த பாடம் நடத்துனேன்!" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அதன்பின் ஒவ்வொரு மழைக்காலமும் அவள் மலைக்குக் கிளம்பிவிடுவாள். அப்படிப் போனதில் ஒருமுறைதான் அது கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. சாம்பல் நிற இறக்கை, அதன் குறுக்கே மெல்லிய செம்புக் கோடு. எந்தப் படத்தோடு ஒப்பிட்டாலும் கொஞ்சம் இடித்தது.

பெங்களூரில் அந்துப்பூச்சி ஆராய்ச்சி செய்யும் பரத்வாஜுக்குப் படம் அனுப்பினாள். அவர் போனில் சொன்னார்: "இறக்கையை நம்பாதீங்க மேடம். ரெண்டு இனம் வெளிய ஒரே மாதிரி இருக்கும். ஆணோட இனப்பெருக்க உறுப்புதான் வித்தியாசத்தைக் காட்டும். வயித்து நுனியை ஊற வச்சுப் பிரிச்சுப் பாருங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை அவள் விளக்க, மாணிக்கவேல் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டான். "எம்மா, இத வெளிய யாருகிட்டயும் சொல்லிடாத. பட்டறையில நான் தல காட்ட முடியாது!"

சொன்னானே தவிர, முதலில் கை கொடுத்தவனும் அவன்தான். பூச்சியைப் பிரித்துப் பார்க்க அவளிடம் இருந்தது வெள்ளைத் தட்டு. பிரித்தெடுத்த துணுக்குகளோ கண்ணாடி போல வெளிறியவை; வெள்ளையில் போட்டால் காணாமல் போயின. "கறுப்புல இருந்தா தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், சின்னச் சின்னக் குழி வைத்துத் தட்டு வார்த்து, கறுப்பு மெருகு பூசிச் சூளையில் ஏற்றினான். முதல் தட்டு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. அடுத்தது கொப்புளம் கொப்புளமாக. அதற்கடுத்தது மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி மின்னியது.

"சூப்பரா இருக்குதுங்க. ஆனா பளபளப்புல கண்ணு கூசுது."

"மின்னாம வேணும்னு மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று முறைத்துக்கொண்டே மறுபடி சுட்டுக் கொண்டுவந்தான், அடுப்புக்கரி போல மங்கலான கறுப்பில். அந்தத் தட்டில்தான், கொக்கி போல வளைந்து நுனியில் இரட்டை முள் வைத்த உறுப்பை அவள் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தாள்.

பரத்வாஜ் அதை வெளிநாட்டு அருங்காட்சியகப் படங்களோடெல்லாம் ஒப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டபோது அவள் கல்லூரி பஸ்ஸில், பாலக்கரை நெரிசலில் இருந்தாள். "மேடம், இது எங்கயும் இல்ல. புதுசு!" என்றார். வாசுகி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். "யாராச்சும் வுழுந்துட்டாங்களா டீச்சர்?"

"இல்லீங்கண்ணே, புதுசா ஒண்ணு பொறந்திருக்குது!" என்றாள். பஸ்ஸில் அத்தனை பேரும் வாழ்த்துச் சொன்னார்கள், பிறந்தது என்ன குழந்தை என்றும் கேட்டார்கள்.

ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார்கள். திரும்பி வந்த பதிலில் ஒரு கேள்வி: பெண் பூச்சி எங்கே? ஆணை மட்டும் வைத்து விவரித்தால் பாதிதான். அந்த வருடம் பெண் பூச்சியைத் தேடி மலைக்கு மாணிக்கவேலும் கூட வந்தான். விளக்கடியில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் சில வந்தன, பெண் வரவே இல்லை. கடைசி நாள் விடிந்தபோது வாசுகி வாடிப்போய்ப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாணிக்கவேல் தோளில் துண்டோடு வெளியே பல் விளக்கிக்கொண்டிருந்தான். எதேச்சையாக அவனைப் பார்த்தவள் பையை அப்படியே விட்டாள். துண்டின் ஓரத்தில் சாம்பல் இறக்கை. செம்புக் கோடு. ஆணைவிடப் பருத்த வயிறு.

"ஏங்க! அசையாதீங்க!"

"ம்ம்?"

"வாயத் தொறக்காதீங்க! மூச்சு வுடாதீங்க!"

பாம்போ என்னவோ என்று நினைத்து மாணிக்கவேல் கல்லாகிவிட்டான். பற்பசை நுரை தாடையில் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. வாசுகி பூனை நடை நடந்து வந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்து மூடினாள். பிறகு அவனைக் கட்டிப் பிடித்துக் குதித்த குதியில் நுரை அவள் முகத்திலும் அப்பிக்கொண்டது.

பெயர் வைக்கும் பேச்சு வந்தது. "என் பேரெல்லாம் வேணாம். மாணிக்கவேலு பூச்சின்னு பட்டறையில ஓட்டியே தள்ளிடுவானுங்க" என்றான் அவன். சரியென்று, செம்புக் கோட்டை வைத்து 'தாம்ரரேகா' என்று முடித்தாள். கட்டுரை வெளியான அன்று கல்லூரியில் கேசரி கொடுத்தார்கள். முதல் ஆண் பூச்சியையும் அந்தப் பெண் பூச்சியையும் சென்னையில் ஆய்வுச் சேகரிப்பில் ஒப்படைக்க இருவரும் ரயிலேறினார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை உம்மென்று வந்த மாணிக்கவேல் மெல்லச் சொன்னான்: "ஒரு பேச்சுக்கு வேணாம்னா, உடனே வுட்டுடறதா?"

வாசுகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேசையில இன்னொண்ணு இருக்குதுங்க. அதுவும் புதுசாத்தான் தெரியுது. அதுக்கு உங்க பேருதான்."

அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டான். எதிர் சீட்டு அம்மாள், வாசுகியின் மடியிலிருந்த பூச்சிப் பெட்டியைக் காட்டி, "என்னாங்க அது, இப்படிப் புடிச்சிகினு வரீங்க?" என்று கேட்டதும் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். விழுப்புரத்தில் வண்டி நின்றபோது அடுத்த வரிசைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "துண்டுலதாங்க வந்து உக்காந்திச்சு, என் துண்டுல!" என்று அவன் தோளைத் தொட்டுக் காட்ட, வாசுகி பெட்டியின் கண்ணாடி மூடியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.