அசையாத அலமாரி

உலு திராம் ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பு மக்கள் கூட்டத்தில் நிலநடுக்கம் பற்றிப் பேசியவள் என் எதிர்வீட்டு சாந்தி. "எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது லா. உயரமான அலமாரிய செவுத்தோட ஸ்க்ரூ போட்டு வைங்க" என்றாள். ஒரே கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சொன்னதாலேயே நான் செய்யவில்லை.

போன மாதம் ஒரு காலையில் வீடு ஆடியது. உயரமான கண்ணாடி அலமாரிக்கு முன்னால் என் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டுகள் கலகலத்தன. அலமாரி மட்டும் அசையவில்லை.

"நீ கோயிலுக்குப் போனப்ப ஸ்க்ரூ போட்டேன். சாந்தி சொன்னாங்கல்ல?" என்றார் கணவர். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அந்தப் பெயர் காதில் குத்தியது.

இப்போது போகிற வீட்டிலெல்லாம் அலமாரிக்கு ஸ்க்ரூ போடச் சொல்கிறேன். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், "பேப்பர்ல படிச்சேன்" என்பேன்.