வலப்பக்கம் பூட்டிய சிவப்புச் சட்டை

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இன்னொரு சனத்தின் வழக்கத்தைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. ஆனாலும் சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவப்புப் பட்டுப் பொத்தானைக் காணும்போதெல்லாம், சொல்லாமல் போகக்கூடாது என்று மனம் சொல்கிறது.

எழுபதுகளில், நானும் கணவரும் மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், அதன் புறநகரான டண்டினொங்கில் ஒரு கடையின் பின்னறையில் எனக்குத் தையல் வேலை கிடைத்தது. முதலாளி இங்கேயே பிறந்த சீனப் பெண். உடுப்பு வடிவமைக்கப் படித்தவர். நான் அவரை 'மிஸ்' என்பேன். அவர் என்னிடம் பழகி 'அக்கா' என்பார். வெள்ளிக்கிழமை திருநீற்றோடு போனால் ஏன் என்று கேட்காத இடம் அது.

தன் தாய் சீனாவிலிருந்து கொண்டுவந்த பழைய சட்டையின் கழுத்தையும் பூவேலையையும் மாதிரியாக எடுத்து மிஸ் புதிதாக ஒன்று வரைந்தார். முன்பக்கத்தை மட்டும், பெண்களின் உடுப்புக்குக் கல்லூரியில் படிப்பித்தபடி, வலது இடதின்மேல் வர வெட்டினார். நகரத்துக் கடையொன்று அதை முகப்புக் கண்ணாடிக்குள் வைக்கச் சம்மதித்திருந்தது. ஆனால் மிஸ்ஸுக்கு அதற்கு முன்பே ஓர் ஆசை: தாய் ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கவேண்டும். தாயோ சாப்பாட்டுக் கடை நடத்துபவர். "எங்கட உடுப்பை வேசமாக்கிறாய்" என்று மகளை நையாண்டி செய்பவர்.

தைத்து முடித்த அன்று தாய் வந்தார். சட்டையைத் தொட்டவர் கையை எடுத்துவிட்டார். மகளிடம் சீனத்தில் ஏதோ சொல்லிவிட்டு மூலைக் கதிரையில் போய் இருந்தார்.

"என்ன மிஸ்?"

"இப்பிடி வலது மேலை வந்து இடப்பக்கம் பூட்டினால் செத்தவைக்கு உடுத்திற உடுப்பாம், அக்கா. உயிரோட இருக்கிறவைக்கு இடதுதான் மேலை வரவேணுமாம். மெல்பேர்ணிலை ஆர் இதைப் பார்க்கப்போகினம்?" குரல் உடைந்திருந்தது.

வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்களுக்கும் அப்படித்தான் மிஸ். கோயிலிலை வலமாச் சுத்துவம். சுடலையிலை கொள்ளிக்குடத்தோட இடமாச் சுத்துவம். ஒருத்தரும் பார்க்காட்டிலும் மாத்தமாட்டம்."

 மிஸ் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். மிச்சமிருந்த சிவப்புப் பட்டில் முன்பக்கம் இரண்டையும் புதிதாக வெட்டினோம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் கதிரையை எங்கள் மேசைக்கு இழுத்துவந்தார். மிஸ் செய்திருந்த பொத்தான்களை ஒதுக்கிவிட்டு, துண்டுத் துணியைக் கயிறாகச் சுருட்டி, தானே புதிதாக முடிச்சுப் பொத்தான்கள் செய்தார். "என்ரை முடிச்செல்லாம் அவிஞ்ச நூடில்ஸ் மாதிரி இருக்காம்" என்று மிஸ் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

முடிந்ததும் தாய் எழுந்து கைகளை நீட்டினார். மிஸ் சட்டையைப் போட்டுவிட்டு, வலப்பக்கத்தில் ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். கண்ணாடியில் பார்த்த தாய் அதைக் கழற்றவேயில்லை. அப்படியே தன் கடைக்குப் போய்விட்டார். நகரத்துக் கடைக்குக் கொடுக்கச் சட்டை இல்லை. ஆனால் அன்று போல் மிஸ்ஸை நான் சந்தோசமாகக் கண்டதில்லை.

அன்று புறப்படும்போதுதான், மிஞ்சிய ஒரு பொத்தானைத் தாய் என் கையில் வைத்தார். தெரியாத ஊரில் கடவுள் எனக்குக் காட்டிய நல்ல மனிதர்கள் அவர்கள். இப்போது பேத்தி சாமித்தட்டைப் பார்த்து, "வாட் இஸ் திஸ், அம்மம்மா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கும் எழுதியிருக்கிறேன். நீங்களும் யாருக்காவது சொன்னால், எந்தப் பக்கம் எதன்மேல் வந்தது என்பதை மாற்றாமல் சொல்லுங்கள்.