மாமா கூட்டிய வேகம்

அக்கா இறந்த மூன்றாவது மாதம் மாமா போன் செய்தார்.

"கம்ப்யூட்டர ஆன் பண்ணா ஸ்கிரீனே வரலம்மா. உள்ள ஃபேன் மட்டும் சுத்துது. ஒருவாட்டி வந்து பாரேன்."

மாமா என்றால் அக்காவின் கணவர். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அந்தக் கம்ப்யூட்டரை அதுவரை அவர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. அது அக்காவுடையது. கடலூர் வீட்டு முன்னறையில் அதை வைத்துக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துவந்தாள். முகூர்த்த நாளென்றால் திருவந்திபுரம் கோயில் மலையில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். படம் பிடித்தவர்கள் நேரே அவளிடம்தான் வருவார்கள். அப்படி ஒரு வேலையின் நடுவில்தான் தலை வலிக்கிறது என்று எழுந்துபோய்ப் படுத்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அதன்பிறகு கண் திறக்கவே இல்லை.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

"என்னா பண்ணீங்க மாமா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஓவர்கிளாக் பண்ணேன்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைக்கவில்லை. ப்ராசசரை அதற்கென்று வைத்திருக்கும் வேகத்தைவிடக் கூடுதலாக ஓட வைப்பது அது. பழகாதவர்கள் கை வைக்கிற விஷயமில்லை.

"எவ்ளோ ஏத்துனீங்க?"

"போற வரிக்கும் ஏத்துனேன். ஹேங் ஆச்சி. வோல்டேஜ் பத்தலன்னா அப்பிடி ஆவும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அதையும் ஜாஸ்தி பண்ணேன். அதோட படுத்துடுச்சி."

போர்டில் இருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினேன். அவர் மாற்றியதெல்லாம் அழிந்து பழைய நிலைக்கு வந்தது. ஸ்கிரீனும் வந்தது. ஆனால் சும்மா இருக்கும்போதே சூடு ஏறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ப்ராசசர் மேலிருந்த ஃபேனைக் கழற்றினேன்.

வெயிலில் சூடாகாமலிருக்க அக்கா கேபினட்டின் ஒரு பக்க மூடியைத் திறந்தே வைத்திருப்பாள். தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப்போட்டபடி அதன் பக்கத்தில்தான் உட்காருவாள். ஃபேனின் நடுவில், தூசியோடு தூசியாக, அவளுடைய நீள முடிகள் சுற்றிக்கிடந்தன.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாதம்மா. குடு, நான் எடுக்கறேன்."

ஒவ்வொரு முடியாக, அறுந்துவிடாமல் பிரித்து எடுத்தார். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்ததையெல்லாம் விரலில் சுற்றி, கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ப்ராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி, ஃபேனை இறுக்கி மாட்டினேன். மறுபடி ஆன் செய்தபோது சூடு அடங்கியிருந்தது. அத்தோடு விட்டுவிடலாம் என்றேன். மாமா கேட்கவில்லை.

"கொஞ்சமாவது ஏத்திக் குடும்மா."

"எதுக்கு மாமா?"

"ரொம்ப இழுக்குது, புதுசு வாங்கலாம்னு சொல்லினே இருந்தா ஒங்க அக்கா. வாங்கலாம் வாங்கலாம்னே நாள ஓட்டிட்டேன். எடிட் பண்ண ஒவ்வொரு வீடியோவயும் ரெடியாவப் போட்டுட்டு, அது முடியற வரிக்கும் கன்னத்துல கைய வச்சினு உக்காந்திருப்பா. இனிமே புதுசு வாங்கி யாருக்கு? இதையாவது சரி பண்ணலாம்னு தோணிச்சி."

அதற்குமேல் நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு படியாக ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் கனமான வேலை கொடுத்து, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். ஓர் இடத்தில் ஹேங் ஆனது. ஒரு படி இறக்கி, அங்கேயே நிறுத்தினேன்.

அக்கா கடைசியாக எடிட் செய்துகொண்டிருந்த கல்யாணத்தை மாமா திறக்கச் சொன்னார். அந்த வீட்டாருக்கு அதை வேறு யாரோ முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மலைப் படியில் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வந்தார்கள். எங்கேயும் திக்காமல், தண்ணீர் போல ஓடியது. அக்கா வெட்டிச் சேர்த்திருந்தது முடிந்த இடத்தில் திரை கறுத்தது. மாமா மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். நான் கிளம்பும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து நானே போன் செய்தேன்.

"இப்ப எப்பிடி மாமா ஓடுது?"

"சூப்பரா ஓடுதும்மா. ஹேங்கே ஆவறதில்ல. அத வச்சி என்னா பண்றதுன்னுதான் தெரியல."

சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.