இடது பக்கம் திரும்பியவன்

கால்டரில் டயர் கடை வைத்திருக்கும் வெண்டல் ப்ரூயிட்டை இன்றைக்கும் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "என்ன லெஃப்ட், காத்து இறங்கிடுச்சுப்பா" என்றுதான் வண்டியை நிறுத்துவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் காற்றடித்துக் கொடுப்பார். அந்தப் பேர் பள்ளிக்கூடத்தில் வந்தது. அப்போது அவர் சின்னப் பையன், அதனால் அவன் என்றே சொல்கிறேன்.

டெக்சாஸில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பஞ்சம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆடவும் ஆள் வேண்டும், ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் பேண்டுக்கும் ஆள் வேண்டும். இருக்கிறவர்களையே இரண்டுக்கும் இழுத்துப்போடுவார்கள். வெண்டல் முதல் பாதியில் பந்துக்காகக் கட்டிப் புரளுவான். இடைவேளை விட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, முழங்காலில் அப்பிய சேறோடு ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பந்து அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ட்ரம்பெட் வந்தது.

அப்பா ராய்ஸ் அதே மைதானத்தில் ஒரு காலத்தில் பிரமாதமாக ஆடியவர். பிரமாதம் என்பது அவரே சொன்னது. மகன் ஆடும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். ஆனால் இடைவேளை விட்டால் போதும், மனுஷனுக்கு எங்கிருந்துதான் பசி வருமோ! ஹாட் டாக் கடை வரிசையில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பேண்டு அடங்கிய பிறகுதான் இடத்துக்கு வருவார்.

"இந்த வருஷம் நான் தனியா வாசிக்கிறேன்பா. ஒரு தடவை இருந்து பாரேன்."

"ஊர்ப் புள்ளைங்க தோத்துட்டு கோச்கிட்ட திட்டு வாங்குது, நீ பீப்பி ஊதுற. அதை வேற நான் பாக்கணுமா? முதல்ல ஒரு டச்டவுன் போடுடா. அப்புறம் நாள் பூரா உக்காந்து கேக்குறேன்."

பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டால் அப்பா உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதானே? அதைத்தான் அந்தப் பள்ளியில் போன வருஷத்திலிருந்து ஒருவனாலும் செய்ய முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் பாதியில், எதிரணிக்காரன் கையிலிருந்து நழுவிய பந்து வெண்டலின் காலடியில் வந்து விழுந்தது. அள்ளிக்கொண்டு ஓடினான். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ஊரே எழுந்து நின்று அலறியது.

ஆட்டம் நடக்கும்போது பேண்டு வாசிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஒரு நாளும் மீறாத பேண்டு டீச்சர் ஆட்லி, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கையை உயர்த்திவிட்டார். பேண்டு முழங்கியது, அதுவும் அவன் தினமும் நடந்து பழகிய அதே பாட்டு!

பாட்டைக் கேட்டதும் கால் யார் பேச்சைக் கேட்கும்? ஓட்டம் நடையானது. பேண்டோடு வழக்கமாகத் திரும்பும் கோடு வந்ததும் வெண்டல் விறைப்பாக இடது பக்கம் திரும்பினான். மைதானத்தை விட்டே வெளியேறி, பார்வையாளர் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, பந்தை வாய்க்குக் கொண்டுபோனான். எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ராய்ஸ் கேட்டார்.

"ஏண்டா அங்க வந்து நின்ன?"

"அங்கதான்பா தனியா வாசிப்பேன். உன் சீட்டுக்கு எதிர்ல. டீச்சர்கிட்ட கேட்டு வாங்கின இடம்."

அடுத்த வெள்ளிக்கிழமை இடைவேளை விட்டது. ராய்ஸ் அசையவில்லை.

"என்ன ராய்ஸ், பசிக்கலையா?" என்றார் பக்கத்தில் இருந்த முடிவெட்டும் லோமன்.

"சும்மா இருய்யா."

வெண்டல் கோட்டுக்கு வந்தான், திரும்பினான், எதிரே பார்த்தான். அப்பாவின் காலி சீட்டைப் பார்த்தே வாசித்துப் பழகியவனுக்கு உதடு நடுங்கிவிட்டது. முதல் சுரமே பிசிறியது. பாதியில் மூச்சு வாங்கியது. சொன்னால் வருத்தமாக இருக்கும், அந்த வருஷம் அவன் அவ்வளவு மோசமாக ஒரு நாளும் வாசித்ததில்லை.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"லோமன், எப்பவும் இப்படித்தான் வாசிப்பானா?"

எல்லா வெள்ளிக்கிழமையும் கேட்டவர் லோமன்.

"எப்பவும் இப்படித்தான்."

"அட பாவி," என்றார் ராய்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை நாள் இதைக் கேக்காம தின்னே கெடுத்துட்டேனேய்யா."